இருபத்தொன்பதாவது தாள்

பிப்ரவரி 20

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். தினமும் நாலு வரியாவது எழுதினால் வலது கை பழையபடி பழகிவிடும் என்பது டாக்டரின் கணக்கு. முதல் நாள் பெயர், ஊர், வேலை எழுத வேண்டுமாம், ஒன்றாம் வகுப்பு போல.

பெயர் பியூலா தங்கராணி. ஊர் பாளையங்கோட்டை. ஒரு மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். கற்பித்தேன் என்று எழுதுவதா என்று பேனா கொஞ்சம் நின்றது. கற்பிக்கிறேன்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, வகுப்பில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான் நினைவிருக்கிறது. மூளையின் இடது பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். பேச்சு தப்பித்தது, நடை தப்பித்தது. கை மட்டும் கொஞ்சம் மந்தம். வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அத்தானைத் தனியாக வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த அத்தான் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உப்பக் குறைக்கச் சொன்னாரு" என்றார்.

பிப்ரவரி 24

அத்தான் என்பது என் கணவர் எபனேசர். மாமா மகன், அதனால் கல்யாணத்துக்கு முன்பும் அத்தான், பின்பும் அத்தான். பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டிவைக்கப் பிள்ளைகள் இல்லாமல் இரண்டு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தார், நான் வசமாக மாட்டிக்கொண்டேன். காலையில் ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்கிறார். நிறுத்தினால் விசில் ஊதுகிறார். வீட்டுக்குள் விசில். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரஷர் குக்கர் என்று நினைத்திருப்பார்கள்.

இன்று பரிசோதனைக்குப் போனோம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார் டாக்டர். தொண்ணூற்று மூன்று என்றேன். அடுத்தது வரவில்லை. ஏழு எது, தொண்ணூற்று மூன்று எது என்று இரண்டும் தனித்தனியாக நின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றை எப்படி எடுப்பது என்பது மறந்துபோயிருந்தது. முனைவர் பட்டம் வாங்கியவள் நான்.

ஆட்டோவில் அழுதேன். அத்தான் ரப்பர் பந்தை எடுத்து என் கையில் வைத்தார்.

மார்ச் 3

கல்லூரி முதல்வர் ஹெலன் சுகிர்தா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு ஐந்து வருடம் இளையவள், நல்லவள்தான். நல்லவர்கள் சொன்னால் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

"அக்கா, உடம்புதான் முக்கியம். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருங்க, நிம்மதியா இருக்கலாம். எண் கோட்பாடு பேப்பரை உங்க டிபார்ட்மெண்ட் பிரிசில்லா பாத்துக்கிடுவா."

"எனக்கு என்ன ஆச்சுன்னு நினைக்க?"

"ஒண்ணும் ஆவல. ஆனா கிளாஸ்ல ஒரு தப்பு வந்துச்சுன்னா பிள்ளைங்க சிரிக்கும். உங்களப் பாத்து யாரும் சிரிக்கக்கூடாதுக்கா."

கல்லூரி திறப்பதற்குள் பதில் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அவள் போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்.

2147483647. ஒவ்வொரு வருடமும் எண் கோட்பாட்டின் முதல் வகுப்பில் இந்த எண்ணைப் பலகையில் எழுதுவேன். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இந்த வகை எண்களுக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. நான்கில் தொடங்க வேண்டும். அதை வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, வருவதை இந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுக்க வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, வகுத்து, மீதி. இப்படியே போய் இருபத்தொன்பதாவது முறை மீதி பூஜ்யமாக வந்தால் அது பகா எண்.

இது பகா எண் என்று இருநூற்றைம்பது வருடமாக உலகத்துக்குத் தெரியும். அதனால்தான் இதை எடுத்தேன். பூஜ்யம் வராவிட்டால் குற்றம் எண்ணுடையது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கையால் போடப்போகிறேன். பூஜ்யம் வந்தால் ஜூனில் வகுப்புக்குப் போவேன். வராவிட்டால் ஹெலன் நீட்டும் இடத்தில் கையெழுத்து.

மார்ச் 4

அத்தானிடம் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல தட்டுனா கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள வந்துருமே பிள்ள" என்றார்.

"நீங்க தினம் மைதானத்தச் சுத்தி நடக்கச் சொல்லுதீங்களே, ஆட்டோல சுத்தலாமேன்னு நான் கேட்டனா?"

கட்டம் போட்ட கணக்கு நோட்டு அரை டஜன் வாங்கி வந்தார்.

மார்ச் 9

சின்ன எண்ணில் பழகுகிறேன். 31-க்கு மூன்று படிதான். நான்கு, பதினான்கு, எட்டு, பூஜ்யம். காலை முழுவதும் ஆனது.

மார்ச் 15

இன்று 127. ஐந்து படி. நான்கு, பதினான்கு, அறுபத்தேழு, நாற்பத்திரண்டு, நூற்றுப் பதினொன்று, பூஜ்யம். கடைசிப் படியில் 12319-ஐ 127-ஆல் வகுத்தபோது சரியாகத் தொண்ணூற்றேழு தடவை போய் மிச்சமில்லாமல் நின்றது. மேஜையைத் தட்டினேன். சமையலறையிலிருந்து பதிலுக்கு ஒரு விசில்.

ஏழு எட்டு ஐம்பத்தாறு என்பது இன்னும் உடனே வருவதில்லை. ஏழு ஏழு நாற்பத்தொன்பது, அதோடு ஏழு என்று சுற்றி வருகிறேன். வந்து சேர்கிறேன் அல்லவா, அது போதும்.

மார்ச் 18

பெரிய எண்ணைத் தொடங்கிவிட்டேன். படிக்கு ஒரு தாள். 4, 14, 194, 37634, 1416317954. இதுவரை வகுக்கவே வேண்டியிருக்கவில்லை, நம் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டது. இனிமேல்தான் மலை.

வேலை செய்யும் முறையை இங்கே எழுதிவைக்கிறேன். பத்து இலக்க எண்ணைப் பத்து இலக்க எண்ணால் பெருக்கப் பத்து வரிகள். அவற்றைக் கூட்டி, இரண்டைக் கழித்து, நீள வகுத்தல். மீதியை அடுத்த தாளின் தலையில் எடுத்து எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பதுச் சோதனை. எண்ணின் இலக்கங்களையெல்லாம் கூட்டி, வந்ததையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் அந்த எண்ணுக்கு ஓர் அடையாளம் கிடைக்கும். பெருக்கலிலும் வகுத்தலிலும் எடுத்து எழுதுவதிலும் அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். என் அப்பா காலத்துக் கணக்கப்பிள்ளைகள் எல்லாரும் செய்தது, நானும் பள்ளியிலிருந்து செய்துவருவது.

முடித்த தாள்களை மாட்டுவதற்கு அத்தான் முன்னறையில் ஒரு கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுக் கொடுத்தார். காற்றில் பறக்கின்றன என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது.

ஏப்ரல் 2

ஐந்தாவது தாள் மூன்று முறை கிழிந்து நான்காவது முறை நேரானது. 669670838. அடையாளம் எட்டு. சரி.

ஏப்ரல் 5

ஆறாவது தாள் முடிந்தது. 1937259419. அடையாளம் ஐந்து. சரி. மதியம் மீன்குழம்பு. உப்பு இல்லை, அதனால் மீனும் இல்லாதது போலத்தான் இருந்தது.

ஏப்ரல் 7

ஏழாவது தாளின் தலையில் 1937529419 என்று எடுத்து எழுதி, அடையாளம் பார்த்தேன். ஐந்து. சரி. இன்று கை நன்றாக ஓடியது, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 10

கைப்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாக. அத்தான் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். டோக்கன் 41. பன்னிரண்டு, பதின்மூன்று என்றுதான் போய்க்கொண்டிருந்தது. பதினாலாம் நம்பரை மூன்று முறை கூப்பிட்டார்கள், ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. டோக்கன் வாங்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள், ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பதோடு கடையை மூடப் பார்த்தார்கள். நர்ஸிடம் சத்தம் போட்டேன். அவள் என் டோக்கனை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே அனுப்பினாள். சத்தம் போட்டால்தான் இந்த ஊரில் வேலை நடக்கிறது.

ஏப்ரல் 31

பத்தாவது தாள் முடிந்தது. அடையாளம் சரி. மூன்றில் ஒரு பங்கு கடந்தாயிற்று. ஏழு எட்டு ஐம்பத்தாறு என்பது இன்று யோசிக்காமலே வந்தது.

ஏப்ரல் 14

புழுக்கம். பதினொன்று நடக்கிறது.

மே 2

பத்தொன்பது. கத்திரி வெயில் இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் முன்னறை வேகிறது. வியர்வை தாளில் விழுந்து மை பரவுகிறது, மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொண்டு எழுதுகிறேன். அத்தான் விசிறி மட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மட்டும் படும்படி விசிறுகிறார். தாள்கள் அசையாத அளவுக்கு மெதுவாக விசிற அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெருக்கும்போது வேறு எதுவும் நினைவில் இல்லை. எனக்குள் யாரோ ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது போல இருக்கிறது.

மே 12

ரோஸ்லின் மகளுக்குக் கல்யாணம். ரோஸ்லின் கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். காலையிலேயே கிளம்பினோம். அத்தான் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டார், செருப்புக்குக்கூட பாலிஷ். போய்ப் பார்த்தால் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

"வேற மண்டபத்துக்கு மாத்திருப்பாங்க போல. ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டாமா?" என்றேன்.

"நான் பொறவு கேட்டுக்கிடுதேன். வா, வந்தது வந்தோம், காபி குடிப்போம்."

பட்டுச் சட்டையோடு ஓட்டலில் எதிரே உட்கார்ந்து காபியை ஆற்றி என் பக்கம் தள்ளினார். ரோஸ்லின்மேல் எனக்கு நல்ல கோபம். இருபத்தாறாவது தாள் பாதியில் நிற்கிறது.

மே 17

இருபத்தொன்பதாவது தாள். பூஜ்யம் வரவில்லை.

ஒன்பது இலக்கத்தில் ஏதோ ஓர் எண் வந்தது. அதை இங்கே எழுத மனமில்லை.

மே 18

இன்று ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மே 20

இரண்டு நாளாக எல்லாத் தாள்களையும் முதலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு பெருக்கலுக்கும், ஒவ்வொரு வகுத்தலுக்கும், ஒவ்வொரு முறை எடுத்து எழுதியதற்கும் ஒன்பதுச் சோதனை. எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் பூஜ்யம் இல்லை.

இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தப்பு இருந்து கண்ணில் பட்டால் திருத்தலாம். எல்லாம் சரியாகத் தெரிந்து முடிவு மட்டும் பொய்யென்றால், எதைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் நிற்பேன்? பலகையில் எழுதிவிட்டு, சரி என்று திரும்பி நிற்கும்போது, சரி என்பது எனக்கு மட்டும்தான் சரி என்றால்?

ஹெலனுக்குப் போன் செய்து நாளை மறுநாள் வரச் சொன்னேன். அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டில் உப்பு போட்டிருந்தார். அதை நான் கவனித்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

மே 21

நிறைய எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் ரோஸ்லின் போன் செய்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"எங்கக்கா இருக்கீங்க? பந்தியே முடியப்போவுது, உங்க ரெண்டு பேரையும் காணும்."

"என்ன பந்தி?"

"என்ன பந்தியா? கல்யாணப் பந்திதான்க்கா."

"கல்யாணம் பன்னெண்டாம் தேதில்லா முடிஞ்சிச்சு?"

"இருபத்தொண்ணுக்கா. கார்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே."

அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். 21. அச்சில் தெளிவாக இருந்தது. பதினைந்து நாள் அலமாரியில் என் கண்முன்னே இருந்த அட்டையை நான் பன்னிரண்டு என்றே படித்திருக்கிறேன். சந்தேகம் வந்து இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன். ஏப்ரல் பத்துக்கு அப்புறம் ஏப்ரல் 31. அடுத்தது ஏப்ரல் 14. ஏப்ரலுக்கு முப்பதுதான். பதின்மூன்றைத்தான் அப்படி எழுதியிருக்கிறேன், ஒரு மாதத்துக்கு மேலாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். முந்தைய பக்கத்தில் டோக்கன் 41. முப்பதோடு மூடும் இடத்தில் நாற்பத்தொன்று எங்கிருந்து வரும்? மூன்று முறை கூப்பிட்டும் எழுந்திருக்காத அந்தப் பொறுப்பில்லாத பதினாலாம் நம்பர் நான்தான். பிப்ரவரியில் ஒன்றும் இல்லை, கை மட்டும் மந்தம் என்று எழுதியிருக்கிறேன்.

அத்தான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு நம்பர் இடம் மாறுது. உங்களுக்குத் தெரியும்."

துணியைக் கீழே வைத்தார். "தெரியும்."

"எப்பருந்து?"

"ஆஸ்பத்திரிலயே டாக்டர் சொன்னாரு. பக்கத்துப் பக்கத்து நம்பர் மாறும், அவங்களுக்கே தெரியாது, போகப்போகச் சரியாவலாம், ஆவாமலும் போவலாம்னு."

"கல்யாணம் இன்னைக்குன்னு தெரிஞ்சேதான் அன்னைக்குப் பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தீங்களா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பேனாவ வச்சிருவ. இந்தக் கணக்குல ஒக்காந்த பொறவுதான் பிள்ள நீ பழைய பியூலாவா சண்ட போட ஆரம்பிச்ச. தப்பா இருந்தாலும் போட்டுக்கிட்டே இருக்கட்டும்னு இருந்துட்டேன். பயமா இருந்துச்சு எனக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. தப்பாக இருந்தாலும் போட்டுக்கொண்டே இருக்கட்டுமாம், குழந்தைக்குப் பொம்மை கொடுத்தது மாதிரி. அதே நேரத்தில் பூட்டிய மண்டபத்தின் முன்னால், நாய் பார்த்துக்கொண்டிருக்க, பட்டுச் சட்டையோடு என் பக்கத்தில் நின்ற மனிதரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. முன்னறைக்குப் போய்க் கயிற்றிலிருந்த தாள்களைப் பார்த்தேன். இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் தேடினேன்.

ஆறாவது தாளின் அடியில் 1937259419. ஏழாவது தாளின் தலையில் 1937529419. இரண்டு ஐந்து, ஐந்து இரண்டாகியிருக்கிறது.

இரண்டின் அடையாளமும் ஐந்துதான். இடம் மாறினால் கூட்டுத்தொகை எப்படி மாறும்? இருபத்தைந்தைக் கூட்டினாலும் ஏழு, ஐம்பத்திரண்டைக் கூட்டினாலும் ஏழு. என்னுடைய ஒரே நோயைக் கண்டுபிடிக்கவே முடியாத சோதனையை வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் சரி, சரி, சரி என்று எழுதியிருக்கிறேன். முதல் வருட மாணவிக்குத் தெரியும் இது. நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அத்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஏழிலிருந்து இருபத்தொன்பது வரை இருந்த தாள்களைக் கயிற்றிலிருந்து கழற்றினேன். ஆறு தாள்கள் மட்டும் மிச்சம். ஹெலனுக்குப் போன் செய்து நாளைக்கு வரவேண்டாம் என்றேன்.

மே 22

ஒன்பதுச் சோதனை போதாது, பதினொன்றுச் சோதனையும் வேண்டும். வலது கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அதற்கடுத்ததைக் கூட்டு, அடுத்ததைக் கழி. வருவதைப் பதினொன்றால் வகுத்தால் மீதிதான் அடையாளம். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்ட வேண்டியது கழிபடும், கழிக்க வேண்டியது கூட்டப்படும், குட்டு வெளிப்பட்டுவிடும். சரியான எண்ணுக்கு ஏழு வருகிறது. நான் எழுதிய தப்பான எண்ணுக்கு ஒன்று.

அத்தானை உட்கார வைத்து விளக்கினேன். கணக்கு என்றாலே ஓடுகிறவர், இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"லெப்ட் ரைட் மாதிரில்லா இருக்கு. அணிவகுப்புல பக்கத்துல நிக்குத ரெண்டு பயலுவ எடம் மாறி நின்னா எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும், காலு தப்பிரும்."

"அதேதான். நீங்க செய்த தப்புக்குத் தண்டனை, இனிமே ஒவ்வொரு நம்பரையும் நீங்கதான் வாசிக்கணும்."

"வாசிக்கேன்" என்றார். எழுந்துபோய்க் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வந்தார்.

மே 24

ஏழாவது தாள், இரண்டாம் முறை. ஒன்பது சரி. பதினொன்று சரி. 425413602.

கல்லூரி ஜூன் பதினாறில் திறக்கிறது. இன்னும் இருபத்திரண்டு தாள்கள். நாளுக்கு ஒன்றாவது முடிய வேண்டும்.

மே 30

வேலை இப்படி நடக்கிறது. அவர் விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். பிறகு நான் எழுதியதை அவர் வாசிக்கிறார், நான் முந்தைய தாளோடு ஒத்துப் பார்க்கிறேன். அப்புறம் கூட்டு, கழி, கூட்டு, கழி. மைதானத்துக் குரலில் சொல்கிறார், தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்று பிடிபட்டேன். அவர் எட்டு மூன்று என்றார், நான் மூன்று எட்டு என்று எழுதினேன். எழுதிய பிறகும் என் கண்ணுக்கு எட்டு மூன்று என்றே தெரிந்தது. பதினொன்று ஒத்துவரவில்லை. அவர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்துவிட்டார்.

"ஊதுங்க" என்றேன்.

"வேண்டாம் பிள்ள."

"ஊதுங்க அத்தான். எனக்குப் பாவம் பாத்தது போதும்."

ஊதினார்.

ஜூன் 4

பதினெட்டு. இந்த வாரம் நான்கு விசில்.

ஜூன் 8

காய்ச்சல். டாக்டர் இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். எடுத்தேன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். இருபத்திரண்டாவது தாள் எட்டு இலக்கத்தில்தான் வந்தது, காய்ச்சலுக்கு அது செய்த உதவி.

ஜூன் 11

ஹெலன் போன் செய்தாள். கால அட்டவணையை நாளை மறுநாள் போட வேண்டும், பெயர் எழுதவா, வேண்டாமா என்று கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் வரை இடம் காலியாக இருக்கட்டும் என்றேன்.

"அக்கா, உங்களுக்கு நீங்களே எதுக்கு இவ்வளவு கஷ்டம் குடுத்துக்கிடுதீங்க?"

"இருபத்தாறு நடக்குது ஹெலன், வைக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 14

காலையில் இருபத்தெட்டாவது தாள். பெருக்கல் சரி. ஒன்பது, பதினொன்று இரண்டும் சரி. நீள வகுத்தலில் கடைசிக் கழித்தல்வரை வந்துவிட்டேன். கழித்தேன். இடது பக்கத்து இலக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போயின. அடியில் வந்ததைப் பார்க்கப் பயந்து, அத்தானை வாசிக்கச் சொன்னேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"தப்பாயிட்டு போலருக்கு பிள்ள" என்றார் மெதுவாக. "எப்பவும் ஒம்பது பத்து நம்பர் வரும். இது அஞ்சுதான் இருக்கு. மிச்சத்த எங்கயோ விட்டுட்டோம்."

"அந்த அஞ்சையும் வாசிங்க."

"ஆறு. அஞ்சு. அஞ்சு. மூணு. ஆறு."

அவர் என் தோளைத் தொட்டார். "பரவால்ல, மறுபடி போடுவோம். இன்னும் பொழுது இருக்கு."

65536. பதினாறு இரண்டுகளைப் பெருக்கினால் வருவது. அந்த எண்ணை எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், மூளையில் எந்தக் குழாய் அடைத்தாலும் தெரியும். அதை வர்க்கமாக்கினால் முப்பத்திரண்டு இரண்டுகள், 4294967296. இரண்டைக் கழித்தால் 4294967294. அது நம் எண்ணின் சரியான இரு மடங்கு. மீதி கிடையாது. நடுவில் எந்தக் குறிப்பும் காட்டாமல் வந்த கணக்கு, வாசலுக்கு ஓர் அடி முன்னால் நின்று முகத்தைக் காட்டிவிட்டது.

"தப்பில்ல அத்தான்" என்றேன். அழுதுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே அவரும் அழுதார்.

இருபத்தொன்பதாவது தாளை மனக்கணக்காக விடவில்லை. முறைப்படி எழுதினேன். அவர் வாசித்தார், கூட்டு, கழி எல்லாம் பார்த்தோம். அடியில் ஒரே ஒரு இலக்கம். "பூஜ்யம்" என்று மைதானத்துக்குக் கேட்கும்படி வாசித்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு ஒரு நீள விசில் ஊதினார்.

பிறகு எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டார். தாள்கள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. சாயங்காலம் ஹெலனிடம் என் பெயரை எழுதச் சொன்னேன்.

ஜூன் 16

முதல் வகுப்பு. ஐம்பதுக்கு மேல் பெண்கள். என்னை ஜனவரியில் விழுந்த மேடமாகத்தான் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு வியாதி இருக்கு" என்று தொடங்கினேன். "நம்பர் எழுதும்போது பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிரும். மாறினது எனக்குத் தெரியாது. அதனால பலகையில நான் எழுதுற எதையும் நம்பாதீங்க. சோதிச்சுப் பாத்துட்டு எழுதுங்க." பதினொன்றுச் சோதனையைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு எப்போதும் போல நம் எண்ணைப் பலகையில் எழுதி, இதற்கு ஒன்று வரவேண்டும் என்றேன்.

கூட்டு, கழி என்று முணுமுணுப்பு எழுந்தது. அப்புறம் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள், பெயர் முத்துப்பிரியா என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"மேடம், எனக்கு ஆறு வருது."

"உனக்கு மட்டுமா?"

ஒவ்வொரு கையாகத் தூக்கினார்கள். எல்லாருக்கும் ஆறு. திரும்பிப் பலகையைப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. நிறைய நேரம் பார்த்தேன். சாக்பீஸ் நழுவப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க மாறிருக்குன்னு வந்து காட்டு" என்றேன்.

அவள் மேடைக்கு வந்து மூன்றாவது, நான்காவது இலக்கங்களைத் தொட்டுக் காட்டினாள். நாலு ஏழு, ஏழு நாலாகியிருந்தது. அழித்துவிட்டு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வகுப்பே மறுபடி கூட்டிக் கழித்து, ஒன்று, என்றது. யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு மணியடிக்கும் வரை பகா எண்களைப் பற்றி நடத்தினேன். ஒரு பெண்கூடப் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் என் வகுப்பை இவ்வளவு உன்னிப்பாக யாரும் கவனித்ததில்லை.

வாசலில் அத்தான் ஸ்கூட்டரோடு வெயிலில் நின்றிருந்தார். பட்டுச் சட்டை போட்டிருந்தார்.

"எப்படிப் போச்சு?"

"ஒரு தப்பு விட்டேன்."

முகம் மாறியது. "யாரு பாத்தா?"

"எல்லாரும்" என்றேன். ஏறி உட்கார்ந்தேன். நாளைக்கும் முதல் மணி என்னுடையதுதான்.